எண்ணெய் இல்லாத தட்டுவடை

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டு இப்படி எழுதுவதற்காகக் கொடுக்கப்பட்டதல்ல. அட்டையில் 'சோதனைப் பதிவேடு' என்று முதலாளி தினகரன் சார் தன் கையால் எழுதியிருக்கிறார். மாவின் எடை, ஓவனின் சூடு, வெந்த நேரம், இவைதான் இதில் இருக்க வேண்டும். நான் நோட்டைத் தலைகீழாகத் திருப்பிக் கடைசிப் பக்கத்திலிருந்து எழுதுகிறேன். கம்பெனித் தாளை வீணாக்குவதற்கு மன்னிக்க வேண்டும். பேச வேண்டியதைப் பேசாமல் வீட்டுக்குச் சுமந்துகொண்டு போனால் எனக்குச் சோறு இறங்குவதில்லை. அதனால்தான்.

வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம் ஆகிறது. சேலத்தில் அம்மாபேட்டைப் பக்கம் பாதித் தள்ளுவண்டிகளுக்கு எங்கள் கம்பெனியிலிருந்துதான் தட்டுவடை போகிறது. இரண்டு தட்டுவடைக்கு நடுவில் பீட்ரூட், கேரட் துருவலும் வெங்காயமும் இரண்டு சட்னியும் வைத்துக் கொடுத்தால் அது செட். சாயங்காலம் இந்த ஊரில் அதைத் தின்னாதவர்கள் குறைவு. இப்போது ஒரு தனியார் பள்ளி தன் கேன்டீனுக்குத் தட்டுவடை கேட்கிறது. எண்ணெயில் பொரிக்கக் கூடாது, சிறுதானியமாக இருக்க வேண்டும், ஆய்வக ரிப்போர்ட்டில் கொழுப்பு நூற்றுக்கு எட்டைத் தாண்டக் கூடாது. அதற்காக ஓவன் வாங்குகிறார்கள். அதற்காகத்தான் என்னையும் எடுத்தார்கள்.

நான் உணவு அறிவியல் படித்தவள். எங்கள் வீட்டில் முதல் பட்டம். அப்பா கொலுசுப் பட்டறையில் எல்லோரிடமும் "எம்பொண்ணு ஆபீசரு" என்று சொல்லி வைத்திருக்கிறார். தலையில் வலைத்தொப்பி, கையில் எடை மிஷின். ஆபீசர் என்றால் அவ்வளவுதான்.

சார் இன்று எல்லோரையும் வைத்துச் சொன்னார்: "ரிப்போர்ட்டு சரியா வரலைன்னா யாராச்சும் ஒருத்தர் எனக்குப் பதில் சொல்லணும்." சொல்லும்போது என்னைப் பார்த்தார்.

ஜூன் 4, செவ்வாய்

ஓவன் வந்தது. ஆறு தட்டு. பெண்கள் யாரும் கிட்டே போகவில்லை.

ஜூன் 6, வியாழன்

முதல் சோதனை. சாமை மாவும் அரிசி மாவும் பொட்டுக்கடலை மாவும் கலந்து, பட்டர் பேப்பருக்கு நடுவில் வைத்து நானே உருட்டி, வட்டமாக வெட்டி ஓவனில் வைத்தேன். சார் ஒன்றைக் கடித்தார். தாடையைப் பிடித்துக்கொண்டார்.

"ஏம்மா யுவராணி, இதைத் தின்னுட்டு பசங்க கிளாசுக்குப் போவாங்களா, பல்லு டாக்டருகிட்டப் போவாங்களா?"

ஜமுனா என்று ஒருத்தி இருக்கிறாள். என்னைவிடப் பத்து வயது மூத்தவள். "மேடம், எனக்கு ரெண்டு எடுத்து வைங்க. எங்க வூட்டுக் கட்டிலுக்கு ஒரு காலு ஆடுது" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள்.

பாவாயி அக்கா மட்டும் சிரிக்கவில்லை. இருபத்தைந்து வருடமாக இங்கே தட்டுவடை தட்டுகிறவர். பொரிக்கும் சட்டி அவர் பொறுப்பு. ஓவன் ஜெயித்துவிட்டால் சட்டி என்ன ஆகும்? அந்தக் கேள்வி அவருக்கு வராமல் இருக்காது. ஏன் சிரிக்கவில்லை என்று யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஜூன் 8, சனி

வந்துவிட்டது.

இந்த முறை கொதிக்கும் வெந்நீர் ஊற்றி மாவைப் பிசைந்தேன். ஒரு கிலோவுக்கு இரண்டு கரண்டி எண்ணெய், அளந்து சேர்த்தேன். கணக்குப்படி கொழுப்பு ஆறுதான் வரும். சார், "உருட்டுறதெல்லாம் வேணாம்மா, அவுங்க கையாலயே தட்டட்டும்" என்றார். பாவாயி அக்காவும் ஜமுனாவும் இன்னும் இரண்டு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஆளுக்கொரு பிளாஸ்டிக் தாள், பக்கத்தில் ஒரு டம்ளர் எண்ணெய். விரலை நனைத்துத் தாளில் ஒரு இழுப்பு, உள்ளங்கையில் ஒரு இழுப்பு, உருண்டையை வைத்து ஒரு அழுத்து. பாவாயி அக்கா ஒரு நிமிடத்தில் பதினான்கு தட்டினார். எண்ணினேன். எல்லாம் ஒரே வட்டம்.

ஓவனிலிருந்து எடுத்ததும் ஒன்றை உடைத்தேன். சத்தம் அடுத்த அறை வரை கேட்டது. சார் நான்கு தின்றார்.

"கைன்னா பாவாயி அக்கா கைதான்" என்றார்.

வெந்நீர் ஊற்றிப் பிசைந்தது நான். மொறுமொறுப்புக்குக் காரணம் அதுதான். முன்பக்கத்தில் அப்படியே எழுதி வைத்தேன்.

ஜூன் 14, வெள்ளி

ரிப்போர்ட் வந்தது. கொழுப்பு 13.6.

மூன்று முறை கணக்குப் போட்டேன். எள்ளுக்கு இவ்வளவு, கடலைப்பருப்புக்கு இவ்வளவு, என் இரண்டு கரண்டிக்கு இவ்வளவு. எப்படிக் கூட்டினாலும் ஆறுக்கு மேல் போகவில்லை.

"படிச்சது நீ. மீதி ஏழு எங்கிருந்தும்மா வந்துச்சு?" என்றார் சார்.

தெரியவில்லை என்று சொன்னேன். சொன்னதாகத்தான் நினைத்தேன். அவர் மறுபடியும் "என்ன?" என்றார். சத்தம் வெளியே வரவில்லை போலிருக்கிறது.

ஜூன் 15, சனி

எண்ணெய் வானத்திலிருந்து வராது. யாரோ ஊற்றுகிறார்கள்.

ஓவன் அறைக்கென்று தனியாக ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் எண்ணெய் டின் இருக்கிறது. அதன் பக்கவாட்டில், எண்ணெய் நிற்கும் மட்டத்தில், பால்பாயின்ட் பேனாவால் மெல்லிய கோடு போட்டேன். தெரிந்தவர்களுக்குத்தான் தெரியும்.

ஜூன் 17, திங்கள்

கோட்டுக்குக் கீழே ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது. நான் மாவுக்கு எடுத்தது இவ்வளவு இல்லை.

அறைச் சாவி பாவாயி அக்காவிடம். காலையில் முதல் ஆளாக வருவதும் அவர்தான். மாவைப் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடிவிட்டு நான் பதிவேடு எழுதப் போய்விடுகிறேன். அந்த அரை மணி நேரம் அறையில் அவர் மட்டும். ஓவன் தோற்றால் லாபம் யாருக்கு?

தைரியத்தை வரவழைத்துக்கொண்டு கேட்டேன். "அக்கா, மாவுல எண்ணெய் ஏதாச்சும் சேத்தீங்களா?"

"சட்டியே வெக்கல, எண்ணெய்க்கு இங்க என்ன கண்ணு வேலை? நீ ஊத்துனதுதான்."

என் முகத்தை நேராகப் பார்த்துச் சொன்னார். பொய் சொல்கிறவர்கள்தான் அப்படிப் பார்ப்பார்கள் என்று தோன்றியது.

ஜூன் 18, செவ்வாய்

நான் உள்ளே நுழைந்தால் பேச்சு நிற்கிறது. இன்று ஜமுனா, "கேமரா வந்துருச்சு, எல்லாம் ஒழுங்கா தட்டுங்கடி" என்றாள். காதில் விழாதது போல் எடை மிஷினைத் துடைத்தேன்.

உடைந்த தட்டுவடை தட்டுகிறவர்களுக்கு என்பது இங்கே வழக்கம். பாவாயி அக்கா தினமும் ஒரு பொட்டலம் கட்டிக்கொள்கிறார். இன்று அந்தச் செய்தித்தாளைக் கவனித்தேன். நடுவில் வட்டமாக எண்ணெய்க் கறை, மறுபக்கத்து எழுத்து தெரிகிற அளவுக்கு. எண்ணெய் இல்லாத பண்டம் தாளை இப்படி நனைக்குமா?

நான் பார்ப்பதை அவர் பார்த்துவிட்டார். "வூட்டுக்காரருக்குத்தான் கண்ணு. நெஞ்சுல ரெண்டு ஸ்டென்ட்டு வெச்சுருக்குது. எண்ணெப் பண்டம் மோந்துகூடப் பாக்கக் கூடாதுன்னுட்டாரு டாக்டரு. தட்டுவடை தட்டுறவ புருசன், ஒரு வருசமா தட்டுவடை தின்னல. இது எண்ணெ இல்லாததாச்சே, தினம் நாலு குடுக்கறேன். நான் எப்ப வருவேன்னு வாசலையே பாத்துக்கிட்டு உக்காந்துருக்காரு."

கேட்காமலே இவ்வளவு சொன்னார். நன்றாகத்தான் கதை கட்டுகிறார் என்று நினைத்தேன்.

ஜூன் 20, வியாழன்

வாயால் சொல்ல வரவில்லை. நோட்டின் முன்பக்கத்தில் எழுதினேன்: 'மாவில் வெளியிலிருந்து எண்ணெய் சேர்கிறது. மாவு ஊறும் அரை மணி நேரம் பாவாயி மட்டுமே அறையில் இருக்கிறார். சாவியும் அவரிடம் உள்ளது.'

பிழை இல்லாமல் இருக்கிறதா என்று இரண்டு முறை படித்தேன். சார் மேசையில் வைத்தேன். சாயங்காலம் நோட்டு திரும்பி வந்தது. அந்த வரிகளுக்குக் கீழே சிவப்பு மையில் ஒரு கோடு.

ஜூன் 21, வெள்ளி

டீ நேரத்தில் சார் எல்லோரையும் பேக்கிங் மேசைக்கு வரச் சொன்னார். என்னோடு சேர்த்து ஒன்பது பேர்.

"அக்கா, உங்க பையக் கொஞ்சம் காட்டுங்க" என்றார்.

பாவாயி அக்காவுக்கு முதலில் புரியவில்லை. புரிந்ததும் பையைத் தானே தலைகீழாகப் பிடித்து மேசையில் கொட்டினார். டிபன் பாக்ஸ், துண்டு, ஒரு அட்டை மாத்திரை, பஸ் டிக்கெட்டுகள், செய்தித்தாள் பொட்டலம்.

"தினகரா, உன் கல்யாணத்துக்கு மூணு நாளு உக்காந்து பலகாரம் போட்டவ நானு."

"அதெல்லாம் இல்லைங்கல. மாவுல எண்ணெ எப்படி வந்துச்சுன்னு மட்டும் சொல்லுங்க."

"எனக்கு எப்பிடிப்பா தெரியும்? படிச்ச புள்ள நிக்குதே, அதைக் கேளு."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் எடை மிஷினைப் பார்த்தேன். சார் நோட்டைப் பிரித்து நான் எழுதியதைச் சத்தமாக வாசித்தார். என் வாக்கியங்கள் அவர் குரலில் ஏதோ போலீஸ்காரர் எழுதியது போல இருந்தன.

"நீயா கண்ணு எழுதுன?"

நான் வலைத்தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டேன். பாவாயி அக்கா ஒவ்வொரு பொருளாக எடுத்துப் பைக்குள் வைத்தார். பொட்டலத்தை மட்டும் எடுக்கவில்லை. இடுப்பிலிருந்து சாவியை எடுத்து அதன் மேல் வைத்துவிட்டுப் போனார். வருகைப் பதிவேட்டில் அவர் பெயருக்கு நேராக சார் எழுதினார்: 'எண்ணெய் கலந்ததால் நிறுத்தம்.'

ஜமுனா கை கழுவும்போது யாரிடமோ சொல்வது போலச் சொன்னாள்: "கலப்படம்னு ஒருவாட்டி பேரு வந்துட்டா இந்த ஊர்ல எந்தக் கம்பெனியிலயும் மாவைத் தொட விட மாட்டாங்க. அவ்ளோதான், அக்கா கை முடிஞ்சுது."

நான் செய்தது சரிதான். டின் இறங்கியது உண்மை. கறை உண்மை.

ஜூன் 23, ஞாயிறு

அப்பா கொலுசுப் பட்டறையிலிருந்து வரும்போது மல்லிகைப்பூ வாங்கி வந்தார். "தப்பைக் கண்டுபுடிச்சுட்டியாமே. உங்க சார் டீக்கடையில சொல்லிட்டிருந்தாரு. நானும் எல்லாருகிட்டயும் சொல்லிட்டேன்."

தலைக்குக் குளிக்கவில்லை என்று சொல்லிப் பூவை அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

ஜூன் 24, திங்கள்

இப்போது சாவி என்னிடம். டின்னை அலமாரிக்குள் வைத்துப் பூட்டுகிறேன். மாவை நானே பிசைகிறேன், நானே மூடுகிறேன், பக்கத்திலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறேன். கழிவறைக்குக்கூடப் போவதில்லை.

தட்ட உட்காரும் முன் ஜமுனா டம்ளர்களை நீட்டுகிறாள். "கைக்கு ஊத்துங்க மேடம்." அலமாரியைத் திறந்து நான்கு டம்ளரிலும் ஒரே எடைக்கு ஊற்றிவிட்டு மறுபடி பூட்டுகிறேன். யாரும் என்னைக் கண்ணு என்று கூப்பிடுவதில்லை.

இரண்டாவது சாம்பிள் போயிருக்கிறது. இந்த முறை ஆறுதான் வரும். வர வேண்டும்.

ஜூலை 1, திங்கள்

13.2.

"என்னம்மா, பாவாயி அக்கா இப்ப வூட்லருந்தே ஊத்துதா?" என்றார் சார். யாரும் சிரிக்கவில்லை.

ஜமுனாவாக இருக்குமோ? அவள் நாற்காலிப் பக்கம் வரவே இல்லை. ஆய்வகத்தில் சாம்பிள் மாறியிருக்குமோ? இரண்டு முறையுமா? ஓவனில் பழைய பிசுக்கு ஏதாவது? புது ஓவன். எனக்குத் தெரியாமல் சாரிடம் இன்னொரு சாவி? பஸ்ஸில் வரும்போது பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளைக்கூட ஒரு மாதிரிப் பார்த்திருக்கிறேன். அவர் எழுந்து வேறு இடத்துக்குப் போய்விட்டார்.

ஜூலை 2, செவ்வாய்

நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

பிசைந்த மாவை எடை போட்டேன். 1540 கிராம். கைக்கு வழக்கமான அதே எடைக்கு ஊற்றிக் கொடுத்தேன். தட்டி முடித்ததும், ஓவனில் வைக்கும் முன், பச்சைத் தட்டுவடை அத்தனையையும் சேர்த்து எடை போட்டேன். 1622.

மாவு தானாக வளராது. அறையில் யாரும் இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. நான் கண் எடுக்கவில்லை. பிறகு எப்படி?

ஜமுனா அடுத்த ஈடு தட்டிக்கொண்டிருந்தாள். விரலை டம்ளரில் நனைத்தாள். தாளில் இழுத்தாள். உள்ளங்கையில் இழுத்தாள். அழுத்தினாள். மறுபடி டம்ளர்.

இதை நான் எட்டாம் தேதியிலிருந்து தினமும் பார்க்கிறேன். ஒன்றரை வாரமாக நானே ஊற்றிக் கொடுக்கிறேன். எங்கள் வீட்டில் அம்மா போளி தட்டும்போதும் இப்படித்தான். அது மாவு கையில் ஒட்டாமல் இருக்க. அதை யாரும் சேர்மானம் என்று நினைப்பதில்லை. பாவாயி அக்கா நினைக்கவில்லை, ஜமுனா நினைக்கவில்லை, தட்டுவடைத் தொழிலில் பிறந்து வளர்ந்த சார் நினைக்கவில்லை. சட்டியில் போட்டால் அந்த எண்ணெய் சட்டி எண்ணெயோடு போய்விடும். ஓவனில் அது எங்கே போகும்? பண்டத்துக்குள்தான் போகும். இதை யோசிப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

டம்ளர்களை வாங்கி எடை போட்டேன்.

"என்ன மேடம், இப்ப டம்ளரு மேலயும் சந்தேகமா?" என்றாள் ஜமுனா.

நான் ஊற்றிக் கொடுத்ததில் எண்பத்திரண்டு கிராமுக்குச் சற்றே மேல் குறைந்திருந்தது.

இருபது உருண்டையை நான் தண்ணீர் தொட்டுத் தட்டி ஓவனில் வைத்தேன். அதே வெந்நீர் மாவு. கட்டிலுக்கு முட்டுக் கொடுக்கலாம் போல வந்தது.

எட்டாம் தேதியின் மொறுமொறுப்புக்கு வெந்நீர் காரணம் என்று முன்பக்கத்தில் இருக்கிறது. அன்று சார் 'பாவாயி அக்கா கைதான்' என்று சொன்னது முன்பக்கத்தில் இல்லை. அதை ஏன் அங்கே எழுதாமல் விட்டேன் என்பதை இங்கேயும் எழுத வரவில்லை.

ஜூலை 3, புதன்

அரை நாள் லீவு சொல்லிவிட்டு பாவாயி அக்கா வீட்டுக்குப் போனேன். ஜமுனாவிடம் வழி கேட்டேன். எதற்கு என்று கேட்காமல் சொன்னாள்.

ஒரே அறை. அவர் வீட்டுக்காரர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். என் கையில் பையைப் பார்த்ததும் எட்டிப் பார்த்தார். அதில் ஆரஞ்சுப் பழம்தான் இருந்தது.

"வாங்க ஆபீசரம்மா" என்றார் பாவாயி அக்கா. என்னை வெளியே கூட்டிவந்து கதவைச் சாத்தினார்.

சொன்னேன். எண்பத்திரண்டு கிராமையும் சொன்னேன். இடையில் இரண்டு முறை நின்றுபோனேன். அவர் அவசரப்படுத்தவில்லை. அழுவார், திட்டுவார் என்று நினைத்தேன். அவர் கேட்டது வேறு.

"அப்ப நான் அவருக்கு எண்ணெயத்தான் ஊட்டிக்கிட்டிருந்தனா?"

"ரெண்டு வாரம்தான் அக்கா. கொஞ்சம்தான்..."

"நாலு நாலா எத்தனை நாளு." விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். "கையில தொட்டுக்கறத எல்லாம் எண்ணெய்னு யாரு கண்டா? நீ கேட்டப்ப நான் இல்லைன்னுதான சொன்னேன். சத்தியமா இல்லைன்னுதான் நெனச்சேன்."

"தெரியும் அக்கா."

"இப்பத் தெரியும். ரெண்டு கம்பெனியில போய் நின்னேன் கண்ணு. எனக்கு முந்தி சேதி போயிருக்குது. 'உங்க கை வேணாங்க்கா'ன்னு ஒரு பையன் சொல்றான், அவனுக்கு என் வயசுல பாதி இருக்காது."

மன்னிப்புக் கேட்டேன். அழுதேன். அதுவும் அவருக்குப் பிடிக்கவில்லை.

"அங்க அத்தனை பேரு முன்னால பையக் கொட்டுனேன். நீ இங்க கதவு சாத்துன பொறவு வந்து அழுவுற. என் காதுக்கு மட்டும் சொன்னா, என் பேரு யாரு வாயில இருக்குதோ அங்கருந்து எப்பிடி எறங்கும்?"

ஆரஞ்சை வாங்கிக்கொண்டார். உள்ளே வரச் சொல்லவில்லை.

ஜூலை 4, வியாழன்

சார், இந்த நோட்டைப் பின்பக்கம் மேலே இருக்கும்படி உங்கள் மேசையில் வைக்கிறேன். முன்பக்கத்தில் 20ஆம் தேதி நான் எழுதியது தவறு. ஏன் தவறு என்பது இதற்கு முன் உள்ள பக்கங்களில் இருக்கிறது. மற்றதையும் நீங்கள் படிப்பீர்கள் என்று தெரிந்தே வைக்கிறேன்.

கை எண்ணெயைப் பாதியாக அளந்து கொடுத்து, மாவில் ஊற்றும் இரண்டு கரண்டியை நிறுத்திவிட்டால் எட்டுக்குப் பக்கத்தில் வரலாம். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. அவ்வளவு குறைந்த எண்ணெயில் ஒட்டாமல் தட்டக்கூடிய கை எங்களில் யாருக்கும் இல்லை. ஒருவருக்குத்தான் உண்டு. எட்டைத் தாண்டினால் தாண்டுகிறது என்றே பள்ளியிடம் சொல்லிவிடலாம்.

வருகைப் பதிவேட்டில் பாவாயி அக்கா பெயருக்கு நேராக இருக்கும் வரியை அடித்துவிடுங்கள். வெள்ளை மை வேண்டாம். அடித்தது தெரியட்டும். பக்கத்தில் 'சோதனையாளர் யுவராணியின் தவறு' என்று எழுதினால் நான் கையெழுத்துப் போடுகிறேன். அவரைத் திரும்ப அழைக்க நீங்களே நேரில் போக வேண்டும். அவரை வேண்டாம் என்று திருப்பி அனுப்பிய இரண்டு கம்பெனிக்காரர்களிடமும் நீங்கள் பேச வேண்டும். அதன் பிறகு என்னை நிறுத்துவதானால் நிறுத்துங்கள்.

இன்னும் ஒன்று இருக்கிறது. நேற்று இரவிலிருந்து எழுதி எழுதி அடித்தேன்.

அவர் திரும்பி வருகிற அன்று, டீ நேரத்தில், எல்லோரையும் பேக்கிங் மேசைக்கு வரச் சொல்லுங்கள். இதை நீங்கள் வாசிக்க வேண்டாம். நான் வாயால் சொல்கிறேன். நடுவில் என் சத்தம் நின்றுபோகும். அப்போது நீங்கள் எடுத்து முடித்துவிடாதீர்கள் சார். யாரையும் வேலைக்குப் போகச் சொல்லாதீர்கள். நான் மறுபடி ஆரம்பிக்கும் வரை எல்லோரையும் அங்கேயே நிற்க வையுங்கள்.